ரெவிட்டில் நம்ம ஊர் டிராயிங்குக்கு ஏற்ற பீம் டேக்கை நாமே செய்வது எப்படி

ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளோடு வருகிற பீம் டேக்கை (பீமின் விவரத்தை டிராயிங்கில் எழுதிக் காட்டும் குறிப்பு) ஒரு ஃப்ரேமிங் பிளானில் போட்டுப் பாருங்கள். டைப்புக்கு, அதாவது ஒரே அளவுள்ள பீம்களின் வகைக்கு, என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே எழுதும். டபிள்யூ310×38.7 மாதிரியான ஸ்டீல் செக்ஷனுக்கு அது போதும், ஏனென்றால் பெயரிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் நம்ம ஊர் கான்கிரீட் பிளானில் மேலே பி12 என்ற பீம் எண், அதற்குக் கீழே (230×450) என்ற அளவு, டாய்லெட் பக்கம் சன்கன் ஸ்லாப் (இறக்கிப் போட்ட தளம்) இருந்தால் கூடவே -300 என்ற இறக்கம் வர வேண்டும். இது கிடைக்காததால் டெக்ஸ்ட் கமாண்டை எடுத்து ஒவ்வொரு பீம் மேலும் கையாலேயே தட்டி வைக்கிற ஆபீஸ்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும், சரி. அடுத்த ரிவிஷனில் டிசைனர் 450-ஐ 600 ஆக்கச் சொன்னதும் மாடலில் பீம் மாறிவிடும், தட்டி வைத்த எழுத்து மட்டும் 450 என்றே நிற்கும், சைட்டில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஷட்டரிங் அடிப்பார்கள்.

டேக்குக்குச் சொந்தமாக எந்தத் தகவலும் கிடையாது. பீமிடம் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. எந்தத் தகவல் எதில் எந்த வரிசையில் வர வேண்டும் என்று நாம் ஒரு அச்சு செய்து கொடுக்கிறோம், அவ்வளவே. அதனால் டேக் செய்வது என்று உட்கார்ந்தால் பாதி வேலைக்கு மேல் டேக்கில் இருக்காது, பீமில் இருக்கும்.

எது எங்கிருந்து வரும்?

முதலில் பீம் எண். ரெவிட்டில் ஏற்கெனவே மார்க், டைப் மார்க் என்று இரண்டு இருக்கின்றன, பெரும்பாலானோர் யோசிக்காமல் இதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். டைப் மார்க் என்பது டைப்புக்குச் சொந்தம். 230×450 என்ற டைப்புக்கு பி12 என்று கொடுத்தால் கட்டடம் முழுக்க இருக்கிற எல்லா 230×450 பீமும் பி12 ஆகிவிடும், இது நமக்கு உதவாது. மார்க் ஒவ்வொரு பீமுக்கும் தனித்தனி, ஆனால் ரெவிட்டைப் பொறுத்தவரை அது ஓர் ஆளுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். நம் பழக்கத்தில் ஒரே கம்பி விவரம் கொண்ட பத்துப் பீம்களுக்கும் பி12 என்றே பெயர் வைப்போம், அப்போது மார்க் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறது என்று எச்சரிக்கை வரும், வேலை பெரிதாகப் பெரிதாக அந்த எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவியும், அதற்குள் உண்மையிலேயே பார்க்க வேண்டிய எச்சரிக்கை புதைந்துபோகும். அதனால் மார்க்கை அதன் போக்கில் விட்டுவிட்டு, பீம் எண்ணுக்கென்று சொந்தமாக ஒரு பராமீட்டர் (தகவலை நிரப்பும் கட்டம்) செய்துகொள்வதே நல்லது.

அடுத்தது அளவு. கான்கிரீட் பீம் ஃபேமிலியில் (ஒரே மாதிரி டைப்புகள் எல்லாம் அடங்கிய ஃபைல்) அகலத்துக்கு பி, ஆழத்துக்கு ஹெச் என்று இருக்கும். இவை சாதாரண ஃபேமிலி பராமீட்டராக இருந்தால் டேக்கால் இவற்றைப் பார்க்கவே முடியாது. டேக், வேறொரு ஃபேமிலிக்குள் இருக்கிற பராமீட்டரைப் படிக்க வேண்டுமென்றால் அது ஷேர்டு பராமீட்டராக (பல ஃபேமிலிகளும் ப்ராஜெக்டும் பொதுவாகப் பயன்படுத்துவது) இருக்க வேண்டும், ரெவிட்டிலேயே பிறவியில் உள்ளதாகவாவது இருக்க வேண்டும். புதிதாக ரெவிட்டுக்கு வருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இதுதான்: பீமைத் தொட்டால் ப்ராபர்ட்டீஸில் பி 230 என்று கண்ணெதிரே தெரிகிறது, டேக்கின் பட்டியலில் தேடினால் இல்லை.

மூன்றாவது, இறக்கம். இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்டார்ட் லெவல் ஆஃப்செட் (பீமின் ஆரம்ப முனை தளமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது) என்று ரெவிட்டிலேயே இருக்கிறது. இதற்கும் தனியாக ஒரு டெக்ஸ்ட் பராமீட்டர் வைத்து -300 என்று கையால் எழுதலாமே என்று தோன்றும். வேண்டாம். அப்புறம் பீமை 250-க்கு ஏற்றினால் எழுத்து 300-லேயே நிற்கும், பழைய கதைதான்.

ஷேர்டு பராமீட்டர் ஃபைல்

மேனேஜ் டேபில் ஷேர்டு பராமீட்டர்ஸ் என்று இருக்கும். கிரியேட் கொடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்கள், அதில் ஒரு குரூப், குரூப்புக்குள் மூன்று பராமீட்டர்: பீம்_எண், பீம்_அகலம், பீம்_ஆழம். (ஆங்கிலத்தில்தான் வைப்பீர்கள், வையுங்கள், ஆனால் நடுவில் கழித்தல் குறி மாதிரி கோடு போடாதீர்கள், ஃபார்முலாவில் அதைக் கழித்தலாகவே எடுத்துக்கொள்ளும்.) பீம் எண்ணுக்கு வகை டெக்ஸ்ட். எண்தானே என்று இன்டிஜர் கொடுத்தால் பி12ஏ என்று ஒரு பீம் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அகலம், ஆழம் இரண்டுக்கும் வகை கொடுப்பதற்கு முன்னால் பீம் ஃபேமிலியைத் திறந்து அங்கே இருக்கிற பி, ஹெச் என்ன வகை என்று பார்த்துக்கொண்டு அதே வகையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் மாற்றிக் கோர்க்க முடியாமல் போகும்.

இந்த ஃபைலை சர்வரில் ஒரே இடத்தில் வையுங்கள், எல்லோருடைய கணினியும் அதையே காட்டட்டும். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஷேர்டு பராமீட்டருக்கும் உள்ளே நீளமான ஓர் அடையாள எண் உண்டு, ரெவிட் பெயரைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. உங்கள் கணினியில் நீங்கள் ஒரு பீம்_எண் உருவாக்கி, பக்கத்து சீட்டில் இருக்கிறவர் அவர் கணினியில் இன்னொரு பீம்_எண் உருவாக்கினால், ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வகுப்பில் இருக்கிற மாதிரிதான், கூப்பிட்டால் தப்பானவர் எழுந்து நிற்பார். நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கலாம், திருத்தாதீர்கள்.

இனி இவற்றை பீமோடு கோர்க்க வேண்டும். பீம் எண்ணுக்கு ப்ராஜெக்டிலேயே வேலை முடிந்துவிடும்: மேனேஜ், ப்ராஜெக்ட் பராமீட்டர்ஸ், புதிது, ஷேர்டு பராமீட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்து பீம்_எண், கேட்டகரியில் ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங், இன்ஸ்டன்ஸ் (ஒவ்வொரு பீமுக்கும் தனித்தனி மதிப்பு). இன்ஸ்டன்ஸ் என்பதை மறந்து டைப் கொடுத்தால் டைப் மார்க் கதையேதான்.

அகலம், ஆழத்துக்கு பீம் ஃபேமிலியைத் திறந்து, ஃபேமிலி டைப்ஸ் பெட்டியில் பி-ஐத் தேர்ந்தெடுத்து, பென்சில் படம் போட்ட எடிட் பட்டனை அழுத்தி, ஃபேமிலி பராமீட்டர் என்பதை ஷேர்டு என்று மாற்றி பீம்_அகலத்தைக் காட்டுங்கள். ஹெச்சுக்கும் அதேபோல். ஏற்கெனவே அதோடு கட்டியிருந்த டைமென்ஷன், ஃபார்முலா எல்லாம் தானாகப் புதுப் பெயருக்கு மாறிக்கொள்ளும், டைப்புகளில் இருந்த அளவுகளும் அப்படியே இருக்கும். பிறகு ப்ராஜெக்டில் லோட் செய்து பழையதன் மேல் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பீம் ஃபேமிலியில் அகலமும் ஆழமும் டேக் பட்டியலிலேயே முன்னதாகத் தெரிந்தால் இந்த வேலை எதுவும் தேவையில்லை, அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆகவே முதலில் ஒரு தடவை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

டேக்

புதிதாக ஆரம்பிப்பதைவிட இருக்கிற ஒரு பீம் டேக்கை எடிட் ஃபேமிலி கொடுத்து வேறு பெயரில் சேமித்துக்கொள்வது சுலபம். வெற்றுத் தாளிலிருந்துதான் செய்வேன் என்றால் அனோட்டேஷன் ஃபோல்டரில் மெட்ரிக் ஜெனரிக் டேக் டெம்ப்ளேட்டை எடுத்து, ஃபேமிலி கேட்டகரியை ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங் டேக்ஸ் என்று மாற்றுங்கள். அதில் சிவப்பில் ஒரு குறிப்பு எழுதியிருக்கும், அழித்துவிடுங்கள், அழிக்காவிட்டால் அதுவும் ஒவ்வொரு பீம் மேலும் வந்து உட்காரும்.

கேட்டகரி பெட்டியிலேயே கீழே ரொட்டேட் வித் காம்பொனன்ட் என்று ஒரு டிக் இருக்கிறது, அதை இப்போதே போட்டுவிடுங்கள். இது இல்லாமல் சாய்ந்த பீம் இருக்கிற பிளானை டேக் செய்தால் பீம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் இருக்கும்.

கிரியேட் டேபில் லேபிள் எடுத்து, இரண்டு ரெஃபரன்ஸ் பிளேன் வெட்டிக்கொள்கிற இடத்தில் கிளிக் செய்யுங்கள். அந்த இடம்தான் பீமின் மேல் ஒட்டும் புள்ளி. எடிட் லேபிள் பெட்டி திறக்கும். கீழே புதுப் பராமீட்டர் சேர்க்கிற சின்ன ஐகானை அழுத்தி நம் ஷேர்டு ஃபைலிலிருந்து மூன்றையும் கொண்டுவந்து, வலதுபக்கம் அனுப்புங்கள். இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஸ்பேசஸ், ப்ரிஃபிக்ஸ், சாம்பிள் வேல்யூ, சஃபிக்ஸ், பிரேக் என்று கட்டங்கள் இருக்கும், டேக்கின் முழு அழகும் இங்கேதான் இருக்கிறது.

பீம்_எண் வரியில் பிரேக் டிக் செய்யுங்கள், அடுத்தது கீழ்வரிக்குப் போகும். பீம்_அகலத்துக்கு ப்ரிஃபிக்ஸாகத் திறக்கும் அடைப்புக்குறி. பீம்_ஆழத்துக்கு ப்ரிஃபிக்ஸாகப் பெருக்கல் குறி, சஃபிக்ஸாக மூடும் அடைப்புக்குறி, ஸ்பேசஸ் கட்டத்தில் 1 இருந்தால் 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 230 ×450 என்று நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி வரும். சாம்பிள் வேல்யூவில் பி12, 230, 450 என்று போட்டால் ஃபேமிலிக்குள்ளேயே எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்ளலாம், ப்ராஜெக்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை.

அகலம், ஆழம் வரிகளைத் தேர்ந்தெடுத்து யூனிட் ஃபார்மட் ஐகானை அழுத்தி, ப்ராஜெக்ட் செட்டிங்கைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு, மில்லிமீட்டர், தசமம் வேண்டாம், யூனிட் குறி வேண்டாம் என்று வையுங்கள். ஆர்க்கிடெக்ட் கொடுத்த ப்ராஜெக்டில் யூனிட் மீட்டரில் இருந்தாலும் நம் டேக்கில் 0.23×0.45 என்று வராமலிருக்க இதுதான் வழி.

ஓகே கொடுத்த பிறகு லேபிளின் பெட்டியைப் பாருங்கள். அது குறுகலாக இருந்தால் (1000×1200) மாதிரி நீளமான அளவு வரும்போது இரண்டாக உடைந்து கீழே விழும். ஓரத்துப் பிடியை இழுத்துத் தாராளமாக அகலம் கொடுங்கள், கிடைவாக்கில் சென்டர் அலைன்மென்ட் வையுங்கள், எழுத்து நீண்டாலும் இரண்டு பக்கமும் சமமாக வளரும். எழுத்தின் உயரம் 2.5 மில்லிமீட்டர், 1:100 பிளானில் பீம் நெருக்கமாக இருந்தால் 2, விட்த் ஃபேக்டர் 0.8. இது தாளில் வருகிற உயரம், ஸ்கேல் 1:50 ஆனாலும் 1:100 ஆனாலும் அச்சில் அதே அளவுதான்.

பீம் எண் மட்டும் போல்டாக வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு லேபிளுக்குள் ஒரே எழுத்துரு, ஒரே அளவுதான், அதனால் எண்ணுக்கும் அளவுக்கும் இரண்டு தனித்தனி லேபிள் வைக்க வேண்டிவரும். செய்யலாம், ஆனால் ஒன்று காலியாக இருந்தால் இன்னொன்று நகர்ந்து அந்த இடத்தை நிரப்பாது. எனக்கு ஒரே லேபிள்தான் பிடிக்கும், போல்டு வேண்டுமென்றால் மொத்தமும் போல்டாகட்டும்.

இப்போது இறக்கம். இதைத் தனி லேபிளாகவே வைக்க வேண்டும். ஸ்டார்ட் லெவல் ஆஃப்செட்டை எடுத்து, யூனிட்டை முன்போலவே மாற்றுங்கள். அதே பெட்டியில் பாசிட்டிவ் எண்ணுக்கு + காட்டு என்று ஒரு டிக் உண்டு, அதையும் போட்டால் ஏற்றிய பீமுக்கு +150, இறக்கியதற்கு -300 என்று வரும். சிக்கல் என்னவென்றால் சாதாரண பீமுக்கெல்லாம் 0 என்று எழுதிக்கொண்டே போகும். அதற்கு, லேபிளைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸில் விசிபிள் என்பதற்குப் பக்கத்தில் இருக்கிற குட்டி பட்டனை அழுத்தி, "இறக்கம் காட்டு" என்று ஆம்-இல்லை வகையில் ஒரு டைப் பராமீட்டர் உருவாக்கிக் கோர்த்துவிடுங்கள். பிறகு ஃபேமிலி டைப்ஸில் இரண்டு டைப்: ஒன்று இறக்கத்தோடு, ஒன்று இல்லாமல். ப்ராஜெக்டில் எல்லா பீமுக்கும் சாதாரண டேக்கைப் போட்டுவிட்டு, சன்கன் பகுதியில் இருக்கிற டேக்குகளை மட்டும் மொத்தமாகப் பிடித்து டைப்பை மாற்றினால் முடிந்தது.

லோட் செய்த பிறகு டேக் பை கேட்டகரி கொடுத்து ஒன்றிரண்டு பீமைத் தொட்டுப் பாருங்கள், திருப்தியானதும் டேக் ஆல் கொடுத்து மொத்தத்தையும் போடுங்கள். எப்போதும் நம் டேக்கே முதலில் வர வேண்டுமென்றால் டேக் பேனலின் கீழ்ப்பட்டியில் லோடட் டேக்ஸ் அண்ட் சிம்பல்ஸ் என்று இருக்கிறது, அங்கே ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங்குக்கு நேராக நம் ஃபேமிலியை வையுங்கள். பீமின் இரண்டு முனையிலும் நடுவிலும் வெவ்வேறு குறிப்பு வேண்டுமென்றால் பீம் அனோட்டேஷன்ஸ் என்ற கமாண்ட் தனியாக உண்டு, ஸ்டீல் வேலைக்கு அது நன்றாக உதவும்.

கேள்விக்குறி வந்தால்

டேக் போட்டதும் எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி நின்றால் பதற வேண்டாம். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பாதி நேரம் பீமில் மதிப்பு நிரப்பவில்லை என்பதுதான் காரணம். நிரப்பியும் வராவிட்டால் அடையாள எண் குழப்பமாக இருக்கும்: டேக்கில் இருக்கிற பீம்_எண்ணும் ப்ராஜெக்டில் இருக்கிற பீம்_எண்ணும் வேறு வேறு ஃபைலிலிருந்து வந்தவை. பீமின் ப்ராபர்ட்டீஸில் ஒரே பெயர் இரண்டு தடவை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அதேதான். டேக் ஃபேமிலிக்குள் போய் அந்த வரியை எடுத்துவிட்டு ஆபீஸ் ஃபைலிலிருந்து மறுபடி சேர்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இந்த மாதிரிக் கூட்டு லேபிளில் ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு பராமீட்டர் காலியாக இருந்தால் அதன் ப்ரிஃபிக்ஸும் சஃபிக்ஸும் கூடவே மறைந்துவிடும். ரெவிட்டோடு வருகிற ஸ்டீல் பீம் டேக்கில் ஸ்டட் (ஸ்லாபோடு பிணைக்கும் ஆணி) எண்ணிக்கையும் கேம்பரும் (முன்கூட்டியே கொடுக்கும் மேல்வளைவு) இருந்தால் மட்டும் வருவது இப்படித்தான்.

இன்னொன்றை டீமில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ப்ராஜெக்டில் டேக்கின் எழுத்தை நேரடியாகக் கிளிக் செய்து மாற்றலாம், அப்படி மாற்றினால் மாறுவது எழுத்து அல்ல, பீம். எண்ணை மாற்றினால் அந்த ஒரு பீமின் எண் மாறும், வசதிதான். அளவைக் கிளிக் செய்து 450-ஐ 600 ஆக்கினால், ஆழம் டைப்புக்குச் சொந்தம் என்பதால் அந்த டைப்பில் இருக்கிற அத்தனை பீமும் 600 ஆகும். ரெவிட் கேட்கத்தான் செய்கிறது, பல இடங்களில் மாறும், பரவாயில்லையா என்று. அவசரத்தில் படிக்காமல் யெஸ் அழுத்துகிறவர்களுக்கு அந்தக் கேள்வியால் என்ன பயன்? புதிதாக 230×600 என்று டைப் செய்து பீமை அதற்கு மாற்றுவதுதான் சரியான முறை.

கம்பிக்கும் இதே வழி

ரீபார் டேக்கில் ஷேர்டு பராமீட்டர் தலைவலி கிடையாது, வேண்டியதெல்லாம் ரெவிட்டிலேயே இருக்கிறது. ஸ்லாபுக்கு டி10 @ 150 என்று வர வேண்டுமென்றால் பார் டயாமீட்டருக்கு ப்ரிஃபிக்ஸ் டி, ஸ்பேசிங்குக்கு ப்ரிஃபிக்ஸ் @, இரண்டுக்கும் யூனிட் குறியை எடுத்துவிட வேண்டும். புது வெர்ஷன்களில் மாடல் பார் டயாமீட்டர் என்று இன்னொன்றும் பட்டியலில் இருக்கும், அது வரையப்படுகிற தடிமன், அதை எடுக்காதீர்கள். பீமின் மெயின் கம்பிக்கு 3-டி16 என்று எழுதுவோம், அங்கே குவான்டிட்டி முதலில், அதற்கு சஃபிக்ஸ் கோடு, பிறகு விட்டம். இந்த இரண்டையும் ஒரே டேக்கில் திணிக்காமல் இரண்டு டேக்காகவே வையுங்கள். ஃபிக்ஸ்டு நம்பர் என்று எண்ணிக்கை கொடுத்து வைத்த கம்பிக்கு ஸ்பேசிங் என்பது நீளத்தை வகுத்தால் வருகிற எண்தான், 147 மாதிரி ஒரு எண்ணை டிராயிங்கில் போட்டால் கம்பி கட்டுகிறவர் சிரிப்பார்.

முன்னால் டி வேண்டுமா, ஒய் வேண்டுமா என்பது உங்கள் ஆபீஸ் வழக்கம். கம்பி விவரங்களுக்கான இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்பி 34 கையேடு முறுக்குக் கம்பிக்கு # குறியைச் சொல்கிறது, நடைமுறையில் டி, ஒய் இரண்டும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. எதுவானாலும் டேக்கில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி லோட் செய்தால் மொத்த ப்ராஜெக்டும் மாறிவிடும். டெக்ஸ்டாகத் தட்டியிருந்தால் அந்த ஒரு வேலையே ஒரு ராத்திரியைத் தின்றிருக்கும்.

எல்லோருக்கும் கொடுக்கும் முன்

ஆபீஸில் எந்தப் பழைய வெர்ஷன் இன்னும் ஓடுகிறதோ அதிலேயே டேக்கைச் செய்து சேமியுங்கள். புது வெர்ஷனில் சேமித்த ஃபேமிலி பழையதில் திறக்காது, பழையது புதியதில் தானாக மாறிக்கொள்ளும். தயாரான டேக்குகள், பீம் ஃபேமிலிகள், ப்ராஜெக்ட் பராமீட்டர் எல்லாவற்றையும் ஆபீஸ் டெம்ப்ளேட் ஃபைலிலேயே போட்டுவிட்டால் அடுத்த ப்ராஜெக்டில் யாரும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டியதில்லை.

பீம் எண்களை நிரப்புவதற்கு பிளானில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருக்காமல் ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங் ஷெட்யூல் ஒன்றைப் போட்டு, லெவல், அளவு வாரியாக அடுக்கி, அதிலேயே தட்டுங்கள். அதோடு பிளான் வியூவில் ஒரு ஃபில்டர்: பீம்_எண்ணுக்கு மதிப்பு இல்லாத ஃப்ரேமிங் எல்லாம் சிவப்பு. எண் கொடுக்கக் கொடுக்கச் சிவப்பு குறைந்துகொண்டே வரும். ஷீட் அனுப்புவதற்கு முன்னால் ஃபில்டரை அணைக்க மறக்காதீர்கள், அல்லது அச்சுக்குப் போகிற வியூவில் அதைப் போடாமல் வேலை பார்க்க மட்டும் அதன் நகல் ஒன்றை வைத்து அங்கே போடுங்கள்.